அரிசி குக்கர் பற்றி அப்புறம் பேசலாம், தம்பி

தம்பி, ஜெர்மனியில் நரம்பியலில் பிஎச்டி இடம் கிடைத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வாழ்த்துகள். பிளாக்டு அக்கவுண்டில் (விசாவுக்காகச் செலவுப் பணத்தை முன்கூட்டியே பூட்டி வைக்கும் வங்கிக் கணக்கு) பணம் போட வேண்டுமா, குளிருக்கு என்ன வாங்குவது, சைவச் சாப்பாடு கிடைக்குமா, அரிசி குக்கர் கொண்டுவரலாமா, கடைசியில் அங்கேயே செட்டில் ஆக முடியுமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கு நடுவே, போகிற போக்கில் ஒரு வரி: 'பேராசிரியர் மூன்று வருடம் என்று வீடியோ காலில் சொன்னார், கடிதத்தில் ஒரு வருடம் உதவித்தொகை என்று இருக்கிறது, அது சும்மா சம்பிரதாயம்தானே அக்கா?'

அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கையில் இருந்த காபி ஆறிப்போனது. மற்றதெல்லாம் இருக்கட்டும், முதலில் இதைப் பேசுவோம்.

சம்பிரதாயம் இல்லை. இந்த ஊரில் தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் நடக்கும். நம் ஊரில் ஒரு பெரியவர் 'பார்த்துக்கலாம்' என்றால் அவர் பார்த்துக்கொள்வார், அல்லது அவர் பெயரைச் சொல்லி நாம் சண்டை போடலாம். இங்கே பேராசிரியர் 'பார்த்துக்கலாம்' என்றால், புராஜெக்ட் பணம் வந்தால் பார்த்துக்கலாம் என்று அர்த்தம். அவர் பொய் சொல்லவில்லை. பணம் வரும் என்று அவரும்தான் நம்புகிறார்.

2003 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை இரவு வடக்கே ஒரு ஊரில் வந்து இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் கடை திறக்காது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அம்மா கட்டிக் கொடுத்த சாத்தூர் காராச்சேவும் குழாய்த் தண்ணீரும்தான் திங்கட்கிழமை காலை வரை. அது கூடப் பரவாயில்லை. திங்கட்கிழமை லேபில் ஒரு தாளை நீட்டினார்கள். முழுக்க ஜெர்மன். செயலாளர் அம்மா விரலால் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். போடும்போது வரியே படிக்காமல் போட்டோம் என்ற வெட்கம்கூட இல்லை, பெருமையாகத்தான் இருந்தது. ஊருக்கு போன் செய்து 'வேலையில் சேர்ந்துவிட்டேன்' என்றேன்.

அது வேலையே இல்லை. ஸ்டிபெண்டியம், அதாவது உதவித்தொகை. வித்தியாசம் என்ன தெரியுமா? வேலை ஒப்பந்தம் என்றால் சம்பளத்திலிருந்து ஓய்வூதியத்துக்கும் வேலையின்மைக் காப்பீட்டுக்கும் பணம் பிடிப்பார்கள். பிடிக்கும்போது வலிக்கும். ஆனால் ஒரு வருடம் அப்படிக் கட்டியிருந்தால், ஒப்பந்தம் முடிந்து அடுத்தது கிடைக்காத மாதங்களில் அது கை கொடுக்கும். உதவித்தொகையில் பிடித்தம் கிடையாது, கையில் முழுசாக வருவது போல் இருக்கும், மருத்துவக் காப்பீட்டை நாமே கட்ட வேண்டும், நின்றுபோனால் நின்றுபோனதுதான். எனக்குப் பதினான்காம் மாதம் நின்றது. புராஜெக்ட் புதுப்பிக்கப்படவில்லை. கைடு உண்மையிலேயே வருத்தப்பட்டார், எனக்கு ஒரு டப்பா சாக்லேட் கூடக் கொடுத்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க கேன்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டு, மற்ற ஊர் லேப்களுக்கு மெயில் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது என்னைத் தாங்கியவர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து அண்ணா. 1985இல் அகதியாக வந்தவர். 'சாப்பிட்டனீங்களோ பிள்ளை?' என்று கேட்டுவிட்டு முருங்கைக்காயையும் பருப்பையும் பையில் போட்டுவிடுவார், கணக்கு எழுத மாட்டார். என்ன வேலை என்று ஒருநாள் கேட்டார், விளக்கினேன். 'எலியின்ர மூளையைப் பார்க்கவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?' என்று சிரித்தார். சொல்கிறேன் என்று கோபிக்காதீர்கள், நம் ஊர்க்காரர்களில் சிலர், குறிப்பாக ஐடி வேலையில் முனிச் பக்கம் வந்து இறங்கி ஒரு யூரோ எத்தனை ரூபாய் என்று பெருக்கிக்கொண்டே இருப்பவர்கள், 'அவங்க அகதியா வந்தவங்க' என்று ஒரு மாதிரி பேசுவார்கள். நான் அந்தப் பேச்சு நடக்கும் இடத்தில் உட்காருவதில்லை. இந்த ஊர் மொழியை வேலைத்தலத்தில் நின்று கற்றவர்கள் அவர்கள்தான். பத்து வருடமாக இங்கே இருந்துவிட்டு, குழந்தையின் பள்ளியிலிருந்து வரும் கடிதத்தை போனில் மொழிபெயர்த்துப் படிப்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். லேபில் எல்லாரும் ஆங்கிலம் பேசுவார்கள், உண்மைதான். ஆனால் ஒப்பந்தம் ஜெர்மனில் இருக்கும், வாடகைப் பத்திரம் ஜெர்மனில் இருக்கும். அந்தத் தாளுக்குப் பிறகு நான் சபதம் போட்டுப் படித்தேன். இப்போது வாடகைக்காரச் சங்கத்தில் மற்றவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். பெருமைதான், ஒப்புக்கொள்கிறேன்.

சரி, கடிதத்துக்கு வருவோம். பேராசிரியருக்கு இன்றே மரியாதையாக ஒரு மெயில் போடுங்கள். உதவித்தொகையா, வேலை ஒப்பந்தமா? ஒப்பந்தம் என்றால் எத்தனை சதவீதம்? சிரிக்காதீர்கள், இங்கே பிஎச்டி மாணவருக்கு முழு வேலை கொடுத்து 65 சதவீதச் சம்பளம் கொடுப்பது உயிரியலில் வாடிக்கை. மீதி 35 சதவீத நேரம் உங்கள் சொந்த ஆய்வுக்காம். எலிக்கு அந்தக் கணக்கு தெரியாது, ஞாயிற்றுக்கிழமையும் அதைப் போய்ப் பார்க்க வேண்டும். பணம் எந்தத் தேதி வரை உறுதி? அதற்குப் பிறகு எங்கிருந்து வரும்? கடைசியாக, பேராசிரியரைக் கேட்க முடியாத ஒரு கேள்வி: அவரிடம் முன்பு படித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், முடிக்காமல் போனவர்கள் உண்டா? லேபின் பழைய மாணவர்கள் இரண்டு பேரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். இங்கே கைடுக்கு 'டாக்டர்ஃபாட்டர்' என்று பெயர், டாக்டர் பட்டத்துக்கு அப்பா. பெண் பார்க்கப் போகும்போது எப்படி அக்கம்பக்கத்தில் விசாரிப்போமோ, அப்படி இந்த அப்பாவையும் விசாரிக்க வேண்டும்.

செட்டில் ஆவது பற்றிக் கேட்டீர்களே. 2007இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது, விஸன்ஷாஃப்ட்ஸ்ட்சைட்ஃபெர்ட்ராக்ஸ்கெசெட்ஸ் என்று பெயர். சொல்லி முடிப்பதற்குள் உங்கள் ஒப்பந்தமே முடிந்துவிடும். பல்கலைக்கழகத்தில் தற்காலிக ஒப்பந்தத்தில் பிஎச்டிக்கு முன் ஆறு வருடம், பின் ஆறு வருடம் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பன்னிரண்டு வருடம் முடிந்தால் நிரந்தர இடம் வேண்டும், இல்லையென்றால் அந்தச் சட்டத்தின் கீழ் இடம் கிடையாது. புராஜெக்ட் பணத்தில் ஓட்டுபவர்கள் உண்டு, அது இன்னும் மோசமான கதை. நிரந்தர இடங்களோ பேராசிரியர்களைத் தாண்டி மிகச் சொற்பம். இந்தச் சட்டத்தை விளக்க அமைச்சகம் ஒரு சின்ன வீடியோ வெளியிட்டிருந்தது. அதில் ஹன்னா என்றொரு கற்பனை உயிரியலாளர் வருவார். ஒரே தலைமுறை எல்லா இடத்தையும் அடைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்று அதில் சொல்வார்கள். 2021 ஜூனில் ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் 'இஷ் பின் ஹன்னா', நான்தான் ஹன்னா, என்று எழுதித் தள்ளினார்கள். நானும் எழுதினேன். ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த வரம்பில் இரண்டு வருடம் கூடும் என்று ஒரு விதி உண்டு. என் மகள் 2011இல் பிறந்து எனக்கு அந்த இரண்டு வருடத்தை வாங்கித் தந்தாள். அதற்குள்தான் இப்போதைய வேலை கிடைத்தது: கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் நிரந்தர விஞ்ஞானி. பேராசிரியர் ஆகவில்லை. ஊரில் சித்தப்பா இன்னும் 'எப்போம்மா புரொபசர்?' என்று கேட்கிறார்.

இவ்வளவு சொன்ன பிறகும் வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏன் என்றால் அந்த வேலை.

உங்கள் லேபில் பேட்ச் கிளாம்ப், அதாவது ஒரு செல்லின் சவ்வு வழியே ஓடும் மின்னோட்டத்தை நுண்ணிய கண்ணாடிக் குழாயால் அளக்கும் முறை, செய்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது பிறந்த ஊரில்தான், கோட்டிங்கனில், எனக்கு இரண்டாவது லேப் கிடைத்தது. எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் 1976இல் தவளைத் தசையில் ஒற்றை அயனிக் கால்வாய் (செல் சவ்வில் மின்னூட்டத் துகள்கள் போய்வரும் நுண்ணிய வாசல்) திறந்து மூடுவதைப் பதிவு செய்தது அங்கேதான். 1991இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. அளந்தது சில பிக்கோஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் லட்சம் கோடியில் சில பங்கு.

வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். எலி மூளையை 300 மைக்ரோமீட்டர் கனத்துக்குச் சீவி, உப்புக் கரைசலில் வைத்து ஆக்சிஜன் கலவையைக் குமிழி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சில மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். மேசை அதிர்வு தாங்கும் மேசை, சுற்றிலும் கம்பி வலைக் கூண்டு. பக்கத்து அறையில் யாராவது பழைய விளக்கைப் போட்டால் திரையில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கொசு மாதிரி வந்து நிற்கும். ஒரு மைக்ரோமீட்டர் வாயுள்ள கண்ணாடிக் குழாயை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி செல்லின் அருகே இறக்குவீர்கள். குழாயில் லேசாகக் காற்றழுத்தம். செல்லின் தோலில் ஒரு குழி விழும், பிள்ளை கன்னத்தில் விரல் வைத்தது போல. அப்போது அழுத்தத்தை விட்டுவிட்டு, ரப்பர் குழாயை வாயில் வைத்து ஒரு சின்ன உறிஞ்சல். இளநீரின் கடைசிச் சொட்டுக்கு உறிஞ்சுவோமே, அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். திரையில் துடித்துக்கொண்டிருந்த சதுர அலை தாழ்ந்து தாழ்ந்து தட்டையாகும். ஐந்து மெகாஓம் இருந்த மின்தடை ஆயிரம் மெகாஓமை, அதாவது ஒரு ஜிகாஓமை, தாண்டும்; குழாய் செல்லோடு இறுக ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். 'ஜிகா' என்று கத்துவோம். முதல்முறை எனக்கு அது வர நான்கு மாதமாயிற்று. இரவு மணி பதினொன்று, லேபில் யாரும் இல்லை, யாரிடம் கத்துவது? அம்மாவுக்கு போன் போட்டேன். அங்கே விடிகாலை மூன்றரை. பதறிப் போய்விட்டார்கள்.

எட்டாம் வகுப்பிலிருந்து விஞ்ஞானி ஆசை என்றீர்கள், வெங்கி ராமகிருஷ்ணன் மாதிரி என்றும் எழுதியிருந்தீர்கள். சிதம்பரத்தில் பிறந்தவர் என்பதால் நமக்கு அவர் மேல் தனிப் பாசம். ஆனால் 2009 நோபலை மட்டும் பார்க்காதீர்கள். 1976இல் இயற்பியலில் பிஎச்டி வாங்கிவிட்டு, அது சலித்து, சான் டியாகோவில் மறுபடி மாணவராகப் போய் உயிரியல் வகுப்பில் உட்கார்ந்தார். பட்டத்துக்காக வந்தவர் அதைச் செய்ய மாட்டார். கோட்டிங்கனில் ஸ்டெஃபான் ஹெல் என்று ஒருவர் இருக்கிறார். ருமேனியாவிலிருந்து பதின்ம வயதில் பெற்றோரோடு வந்தவர். ஒளி மைக்ரோஸ்கோப்பால் ஏறக்குறைய 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துப் பார்க்க முடியாது என்று 1873இல் எர்ன்ஸ்ட் அப்பே சொன்ன வரம்பைத் தாண்டலாம் என்று இவர் பிடிவாதம் பிடித்தார். பிஎச்டிக்குப் பிறகு இங்கே சரியான இடம் கிடைக்காமல் ஃபின்லாந்தில் துர்குவுக்குப் போனார். 1994இல் கட்டுரை, 2014இல் நோபல். இந்தக் கதைகளைச் சொல்லி உங்களுக்கு ஊக்கம் தர நினைக்கவில்லை. ஹெல்லைப் போல பிடிவாதம் பிடித்து, இடமும் கிடைக்காமல், நோபலும் கிடைக்காமல் இப்போது மருந்துக் கம்பெனியில் நன்றாகச் சம்பாதிக்கும் நாலைந்து பேரை எனக்கு நேரில் தெரியும். அவர்களும் அந்த 'ஜிகா' நேரத்தைப் பற்றிப் பேசும்போது முகம் மாறும்.

2008 நவம்பரில் எனக்குப் பட்டம் கிடைத்தது. கோட்டிங்கனில் ஒரு வழக்கம் உண்டு. லேப்காரர்கள் அட்டையில் ஒரு தொப்பி செய்வார்கள், அதில் உங்கள் கதை முழுக்க ஒட்டியிருக்கும். என் தொப்பியில் கண்ணாடிக் குழாய், ஒரு பஞ்சு எலி, காலி காராச்சேவு பாக்கெட். பிறகு உங்களைக் கைவண்டியில் உட்காரவைத்து ஊர்வலமாகச் சந்தைச் சதுக்கத்துக்கு இழுத்துப் போவார்கள். அங்கே நீரூற்றின் மேல் வாத்துகளோடு ஒரு பெண் சிலை, கென்ஸெலீசல். ஏறி அதற்கு முத்தம் கொடுக்க வேண்டும். பட்டுப் புடவையில், பனிக் கோட்டுக்கு வெளியே முந்தானை பறக்க, நான் ஏறினேன். கீழே யாழ்ப்பாணத்து அண்ணா. நான்கு மணி நேரம் ரயிலில் வந்திருந்தார். 'விழுந்திடாதீங்கோ பிள்ளை!' என்று அவர் தமிழில் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த ஊருக்குப் போனால் நகரக் கல்லறைக்கு ஒருமுறை போய்வாருங்கள். மாக்ஸ் பிளாங்க், ஓட்டோ ஹான் எல்லாரும் அங்கேதான். மாக்ஸ் போர்னின் கல்லில் குவாண்டம் இயற்பியலின் ஒரு சமன்பாடு வெட்டியிருக்கும். யூதர் என்பதால் 1933இல் கோட்டிங்கன் வேலை போய், 1935இல் நம் சி.வி. ராமன் அழைத்து பெங்களூருக்கு வந்தவர் அவர். ராமன் அவருக்கு அங்கே நிரந்தர இடம் வாங்கித் தரப் பார்த்தார். கூட்டத்தில் ஒரு பேராசிரியர் எழுந்து, சொந்த நாட்டால் விரட்டப்பட்ட இரண்டாந்தர வெளிநாட்டவர் நமக்கெதற்கு என்கிற மாதிரி பேசினார். போர்ன் எடின்பரோவுக்குப் போய்விட்டார். 1954இல் நோபல் வந்தது. பணம் நின்ற அந்தக் குளிர்காலத்தில் எனக்கு இந்தக் கதை தெரியாது. தெரிந்த பிறகு வருடம் ஒருமுறை அங்கே போய் நிற்கிறேன்.

எங்கோ போய்விட்டேன். வேலை ஒப்பந்தம் இருந்தால் பிளாக்டு அக்கவுண்ட் தேவைப்படாது. ஸ்வெட்டர் இங்கே வந்து வாங்குங்கள், சென்னை ஜெர்கின் நவம்பர் காற்றைத் தாங்காது. சைவம் பிரச்சினையே இல்லை. அரிசி குக்கரை விடுங்கள், பிரஷர் குக்கர் கொண்டுவாருங்கள், கேஸ்கெட் இரண்டு கூடுதலாக.

பேராசிரியரிடமிருந்து பதில் வந்ததும் அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள், ஜெர்மனில் இருந்தாலும் பரவாயில்லை, படித்துச் சொல்கிறேன். அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள். வியாழக்கிழமை மட்டும் பதில் எதிர்பார்க்க வேண்டாம், அன்று எலி மூளை நாள்.