புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் போனால்: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் இடுப்பு முதுகெலும்பில் ‘ஸ்கிளீரோடிக்’ என்று போட்டிருக்கிறது. எலும்பு கெட்டிப்பட்டிருக்கிறது என்றார்கள். கெட்டியானால் நல்லதுதானே?

இல்லைங்க. பெரும்பாலானோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். எலும்பில் ஓயாமல் மராமத்து நடந்துகொண்டே இருக்கும். ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் பழையதைக் கரைத்துக் குழி பறிக்கும், ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் அந்தக் குழியை நிரப்பிப் பூசும். சிறுநீரகப் புற்று எலும்புக்கு வந்தால் பெரும்பாலும் கரைக்கும் செல்களின் கை ஓங்கி, எக்ஸ்ரேயில் கறுப்பு ஓட்டை தெரியும். புராஸ்டேட் புற்று இதற்கு நேர்மாறு. எண்டோதீலின்-1, பிஎம்பி போன்ற புரதங்களைச் சுரந்து கட்டும் செல்களை விரட்டி வேலை வாங்குகிறது.

அவசரத்தில் எழுப்பிய சுவர் எப்படி இருக்கும்? நல்ல எலும்பில் கொலாஜன் இழைகள் பிளைவுட் மாதிரி அடுக்கடுக்காக, அடுக்குக்கு அடுக்கு திசை மாறி ஓடும். இதிலோ வைக்கோலை அள்ளிப் போட்டதுபோலக் கிடக்கும். எக்ஸ்ரே காட்டுவது சுண்ணாம்பின் அளவை மட்டும்தான், இழைகளின் ஒழுங்கு அதில் தெரியாது. அதனால் படத்தில் வெள்ளை வெளேரென்று இருக்கும் எலும்பு, பாரம் ஏறினால் முறிகிறது. இன்னொன்று, கரைக்கும் வேலையும் நிற்பதில்லை, பக்கத்திலேயே மும்முரமாக நடக்கும். கரைப்பைத் தடுக்கும் மருந்துகள் இந்த நோயிலும் பலன் தருவது அதனால்தான்.

கேள்வி: கட்டி இருப்பது மூத்திரப்பைக்குக் கீழே. அங்கிருந்து ஏன் முதுகெலும்புக்குப் போகிறது?

பாதை ஒன்று, இடம் ஒன்று என்று இரண்டாகப் பாருங்கள். இடுப்புக்குள் இருக்கும் சிரைகளுக்கும் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைவலைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அந்த வலையில் வால்வு கிடையாது, முக்கினாலோ இருமினாலோ ரத்தம் எதிர்த்திசையிலும் ஓடும். 1940இல் உடற்கூறியல் ஆய்வாளர் பேட்சன் இதைக் காட்டினார். ஆனால் பாதை மட்டும் போதாது. விதை விழுந்த நிலமும் ஒத்துவர வேண்டும் என்று ஸ்டீபன் பேஜட் என்ற மருத்துவர் 1889இலேயே எழுதிவிட்டார். சிவப்பு மஜ்ஜை உள்ள முள்ளெலும்பு, இடுப்பெலும்பு, விலா, தொடையெலும்பின் மேல்முனை ஆகியவைதான் அந்த நிலம். அங்கே சுரக்கும் சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதத்தை மோப்பம் பிடித்து இந்தச் செல்கள் வருகின்றன. ரத்த ஸ்டெம் செல்கள் குடியிருக்கும் மூலைகளிலேயே ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உறங்கவும் செய்யும். எலும்பு கரையும்போது அதற்குள் பூட்டியிருந்த டிஜிஎஃப்-பீட்டா, ஐஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகள் வெளியேறி அந்தப் புற்றுச் செல்களுக்கே தீனியாகும்.

கேள்வி: ஹார்மோன் ஊசி போட்டு 3 மாதம். பிஎஸ்ஏ (ரத்தத்தில் பார்க்கும் புராஸ்டேட் புரத அளவு) நன்றாக இறங்கிவிட்டது, வலியும் குறைவு. ஆனால் போன் ஸ்கேனில் 2 புதுப்புள்ளிகள். மருந்து வேலை செய்யவில்லையா?

அவசரப்பட்டு மருந்தை மாற்ற வேண்டாம். போன் ஸ்கேனில் ஏற்றும் டெக்னீசியம் என்ற கதிரியக்கக் கலவை புற்றுச் செல்லில் ஒட்டுவதில்லை, புதிதாக எலும்பு கட்டப்படும் இடத்தில்தான் ஒட்டும். காயம் ஆறும்போதும் எலும்பு கட்டப்படும், ஆகவே அந்த இடமும் பளிச்சென்று தெரியும். இதற்கு ‘ஃப்ளேர்’ என்று பெயர். எலும்பு கட்டும்போது கூடும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் ரத்தத்தில் கொஞ்ச நாள் ஏறி இறங்கும். 6 வாரத்துக்கு மேல் விட்டு அடுத்த ஸ்கேன் எடுத்து, அதில் இன்னும் குறைந்தது 2 புதுப்புள்ளி வந்தால்தான் நோய் முற்றுகிறது என்று கணக்கு.

கேள்வி: சோலெட்ரானிக் ஆசிட், டெனோசுமாப் இரண்டில் எது? பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னது ஏன்?

இரண்டும் கரைக்கும் செல்களை அடக்குபவை. சோலெட்ரானிக் 4 மி.கி., நரம்பில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்ற வேண்டும். விரட்டி ஏற்றினால் சிறுநீரகத்துக்குக் கேடு. கிரியேட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் வடிகட்டும் திறனின் அளவு) 60க்குக் கீழே போனால் அளவைக் குறைப்பார்கள், 30க்குக் கீழே தவிர்ப்பார்கள். டெனோசுமாப் 120 மி.கி., தோலுக்கடியில், 4 வாரத்துக்கு ஒரு முறை. சிறுநீரகத்துக்காக அளவை மாற்ற வேண்டியதில்லை, ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தக் கால்சியம் அபாயமாக இறங்கும். கட்டும் செல்கள் ஏற்கெனவே கால்சியத்தை இழுத்துக்கொண்டிருக்கின்றன, வெளியே வரும் வழியை மருந்து அடைக்கிறது. உதட்டைச் சுற்றி மரத்துப்போவதும் விரல் இழுப்பதும் அதன் அறிகுறி. தினம் கால்சியம் 500 மி.கி., வைட்டமின் டி 400 யூனிட்டாவது வேண்டும்.

மருந்து ஓடும்போது பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரியும்படி ஆகிவிடலாம். பிடுங்க வேண்டியதை முன்பே பிடுங்கி, புண் ஆறிய பிறகு தொடங்குங்கள். இந்தப் பெரிய டோஸ், ஹார்மோன் சிகிச்சைக்கு நோய் அடங்காத கட்டத்துக்குத்தான். அடங்கியிருக்கும்போது எலும்பு மெலிவைத் தடுக்க டெனோசுமாப் 60 மி.கி., 6 மாதத்துக்கு ஒரு முறை போதும். அதைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். முள்ளெலும்புகள் வரிசையாக நொறுங்கியது உண்டு.

கேள்வி: 2 நாளாகக் கால் தள்ளாடுகிறது, சிறுநீரும் சரியாக வரவில்லை. அடுத்த செக்கப் திங்கட்கிழமை.

திங்கள் வரை காத்திருக்கக் கூடாது ஐயா. இன்றே, இப்போதே எமர்ஜென்சிக்குப் போங்கள். தண்டுவடம் நசுங்குகிறதா என்று முழு முதுகெலும்புக்கும் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். போகும்போது எந்த ஹார்மோன் ஊசி, எப்போது போட்டது என்று எழுதி எடுத்துப்போங்கள். லியூப்ரோலைடு வகை ஊசி முதல் ஓரிரு வாரம், புற்றுக்குத் தீனியான டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனை ஏற்றிவிட்டுத்தான் இறக்கும். அந்த ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் பைகாலுடமைடு மாத்திரையை முன்கூட்டி கொடுக்காவிட்டால் கட்டி வீங்கும். டெகரெலிக்ஸ் என்ற வேறு வகை ஹார்மோன் ஊசியில் இந்தச் சிக்கல் இல்லை.

கேள்வி: ரேடியம்-223 ஊசி போட்டால் வீட்டில் குழந்தைகள் பக்கத்தில் வரலாமா?

வரலாம். ரேடியம் கால்சியத்தைப்போல நடித்து, புது எலும்பு கட்டும் இடத்தில் போய் உட்காரும். அதன் ஆல்ஃபா கதிர் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தாண்டாது. 4 வாரத்துக்கு ஒன்றாக 6 ஊசி. அபிராடெரோன் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரையோடு சேர்த்துத் தொடங்கினால் எலும்பு முறிவு கூடுகிறது, அது வேண்டாம். மருந்து பெரும்பாலும் மலத்தில்தான் வெளியேறும். ஒரு வாரத்துக்கு அவர் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கட்டும், ஃப்ளஷை இரண்டு மூன்று முறை அழுத்தட்டும், கறைபட்ட துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் துவையுங்கள்.