இன்றைக்கு வாழ்பவரின் நாளையை யார் சுமப்பது?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. நானும் என் கணவரும் முப்பது ஆண்டுகள் செலவைச் சுருக்கி, ‘பணி ஓய்வுக்குப் பிறகு காசிக்குப் போகலாம்’ என்று எல்லாவற்றையும் தள்ளிவைத்தோம். ஓய்வு பெற்ற ஏழாவது மாதம் அவர் மாரடைப்பில் காலமானார். அதன் பிறகு சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் 27 வயது மகன் முற்றிலும் மாறிவிட்டான். ‘அப்பா எதையும் அனுபவிக்காமலே போய்விட்டார், நான் இந்த நிமிடத்தில் வாழப்போகிறேன்’ என்று சொல்லி, சம்பளம் முழுவதையும் பயணங்களிலும் தவணைப் பொருள்களிலும் செலவழிக்கிறான். சென்ற மாதம் அவனுடைய கிரெடிட் கார்டு பாக்கியை என் ஓய்வூதியத்திலிருந்து நான்தான் கட்டினேன். இரவில் எனக்குத் தூக்கமில்லை. நாங்கள் வாழ்ந்தது தவறா, அவன் வாழ்வது தவறா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் செய்வதை ஊதாரித்தனம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. தந்தை தள்ளிவைத்த பயணம் கடைசிவரை நடக்காமல் போனதைக் கண்ணால் கண்ட பிள்ளை, தள்ளிவைப்பதையே வெறுக்கத் தொடங்கியிருக்கிறார். அவருடைய செலவுக்குள் துக்கம் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டு பேசினால்தான் மற்றது எதுவும் அவர் காதில் ஏறும்.

அவர் பக்கத்தில் உண்மையும் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் ஆகிய இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரிடம் கைப்பேசி வழியாக அவ்வப்போது, ‘இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது, எப்படி உணர்கிறீர்கள்’ என்று கேட்டார்கள். ஏறக்குறைய 47 சதவீத நேரம் அவர்களுடைய மனம் செய்துகொண்டிருந்த வேலையில் இல்லை. அத்தகைய பொழுதுகளில் மகிழ்ச்சியும் குறைந்திருந்தது. இனிமையான ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட, கையிலிருந்த வேலையில் மனம் ஊன்றியவர்களைவிட அதிக மகிழ்ச்சியுடன் இருக்கவில்லை. தூக்கமில்லாத உங்கள் இரவுகளை எண்ணிப் பாருங்கள். நாளையைப் பற்றி யோசித்து ஒரு முடிவெடுத்துத் தாளில் எழுதிவிட்டால் அது திட்டம். அதே கணக்கை நூறாவது முறையாக மனத்துக்குள் போட்டுக்கொண்டிருந்தால் அது கவலை. திட்டமிடும் பழக்கம் உள்ளவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதை நான் அடிக்கடி காண்கிறேன்.

ஆயினும் இந்த நிமிடத்தில் மட்டுமே வாழ்வது எப்படியிருக்கும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் ஒரு மனிதர் இருக்கிறார். அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி மோலைசனுக்கு 1953இல், அவருடைய 27ஆம் வயதில், வலிப்பு நோயைக் கட்டுப்படுத்துவதற்காக மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. நினைவுகளைப் பதியவைக்கும் பகுதியும் அதில் அகற்றப்பட்டதால், அதன்பின் நடந்த எதுவும் அவர் மனத்தில் சில நிமிடங்களுக்கு மேல் தங்கவில்லை. 2008இல் இறக்கும்வரை, 55 ஆண்டுகள், அவர் நிகழ்காலத்துக்குள்ளேயே இருந்தார். அவரை அறிந்த ஆய்வாளர்கள் அவரை இனிய சுபாவம் உடையவர் என்றே எழுதியிருக்கிறார்கள். ஆனால் நாளையைப் பற்றித் திட்டமிடவும் அவரால் முடியவில்லை. ஏனெனில் நேற்றைய நினைவுகளைக் கொண்டுதான் மனம் நாளையை வரைந்துபார்க்கிறது. முதலில் பெற்றோரும், பின்னர் ஓர் உறவினரும், இறுதியில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லமும் அவருடைய நாளையைச் சுமந்தார்கள்.

உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது இந்த இடம்தான். நோயால் அந்த நிலைக்கு வந்தவரைச் சுமப்பது மற்றவர்களின் கடமை. உடலும் அறிவும் நன்றாக இருக்கும் இளைஞர் நாளையைக் கீழே வைத்துவிட்டால், அதுவும் தரையில் கிடப்பதில்லை. யாரோ ஒருவர் குனிந்து எடுத்துக்கொள்கிறார். உங்கள் வீட்டில் அதை எடுத்துக்கொண்டவர் நீங்கள். அவர் கவலையின்றி இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் உங்களுடைய ஓர் இரவு விலையாகிறது.

அதோடு, தவணையில் வாங்குவதை இன்றைய வாழ்வு என்று சொல்ல முடியாது. அது இன்னும் சம்பாதிக்காத அடுத்த ஆண்டுச் சம்பளத்தை இப்போதே செலவழிப்பது. கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் 3.5 சதவீத வட்டி என்றால், கூட்டு வட்டியைச் சேர்க்காமலே ஆண்டுக்கு 42 சதவீதம். உங்கள் காவிரிக் கரையில் எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைநெல்லைக் குத்திச் சமைக்க விவசாயக் குடும்பங்கள் தயங்கியது கஞ்சத்தனத்தால் அல்ல. அதே வீடுகளில்தான் அறுவடை வந்ததும் தைப்பொங்கலை வஞ்சனையில்லாமல் கொண்டாடினார்கள்.

இனி நீங்கள் செய்யவேண்டியது: அவருடைய பாக்கியை இனிமேல் கட்டாதீர்கள். இதைச் சொல்லும்போது எனக்கும் வலிக்கிறது. ஆனால் நீங்கள் கட்டும்வரை அந்தக் கடன் அவர் கண்ணுக்கே தெரியாது. சம்பளம் வந்த அன்றே ஒரு பகுதி தானாகச் சேமிப்புக்குப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துகொள்ளச் சொல்லுங்கள். முதலில் ஆறு மாதச் செலவுக்கான தொகை சேரட்டும். பிறகு 15 ஆண்டு பொது வருங்கால வைப்பு நிதியைத் தொடங்கலாம். அதற்கு ஆண்டுக்கு 500 ரூபாயே குறைந்தபட்சத் தொகை. மீதியை அவர் விருப்பம்போல் செலவழிக்கட்டும், கணக்குக் கேட்காதீர்கள்.

நீங்கள் வாழ்ந்தது தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். சேமித்தது தவறில்லை, இன்றைக்கும் உங்கள் வீட்டை அதுதான் தாங்குகிறது. ‘பிறகு’ என்ற சொல்லுக்கு ஒரு தேதி குறிக்காமல் விட்டதுதான் பிழை. அதைத் திருத்திக்கொள்ள இன்னும் காலம் இருக்கிறது. ரயிலில் 60 நாள்களுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடுகிறது. காசிக்கு இரண்டு பயணச்சீட்டுகளை, தவணையில்லாமல், தம்முடைய சம்பளத்திலிருந்து எடுத்துத்தரும்படி உங்கள் மகனிடம் கேளுங்கள்.