ரோமானியர்கள் யாருடைய அனுமதியுடன், எப்படிக் காலனிகளை நிறுவினார்கள்? 'காலனி' என்ற சொல் எங்கிருந்து வந்தது?

சொல்லிலிருந்தே தொடங்குகிறேன், விடையின் பாதி அதற்குள் இருக்கிறது. இலத்தீனில் 'கொலேரே' என்ற வினைக்கு உழுதல், குடியிருத்தல், வழிபடுதல் ஆகிய பொருள்கள் உண்டு. அதிலிருந்து உழவனையும் குடியேறியவனையும் குறிக்கும் 'கொலோனுஸ்' வந்தது. அவர்கள் சேர்ந்து வாழும் ஊர் 'கொலோனியா' ஆயிற்று. நிலத்தைப் பண்படுத்துவதைக் குறிக்கும் 'குல்தூரா'வும் இதே வேரின் கிளைதான். ஜெர்மனியின் கொலோன் நகரம், கி.பி. 50இல் தனக்குக் கிடைத்த காலனித் தகுதியையே இன்றும் பெயராகக் கொண்டிருக்கிறது.

குடியரசுக் காலத்தில் வழக்கமான நடைமுறை இதுதான்: முதலில் செனட் தீர்மானிக்கும், அடுத்து மக்கள் மன்றம் அதைச் சட்டமாக்கும், பிறகு நிலத்தை அளந்து பங்கிட்டு ஊரை அமைக்கும் அதிகாரத்துடன் மூவர் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். இங்கே ரோமானியர்கள் கையாண்ட வினைச்சொல் என்னை மிகவும் கவர்ந்தது. 'தேதூகெரே' என்றால் மக்களை அழைத்துச் சென்று ஓரிடத்தில் அமர்த்துதல். கி.மு. 181இல் வட இத்தாலியில் அமைந்த அக்குலேயா காலனியில், அந்த மூவரில் ஒருவரான லூசியஸ் மான்லியஸ் அசிடினஸின் பெயர் பொறித்த கல் கிடைத்திருக்கிறது. காலனிக்கு ஆட்களை அழைத்துச் செல்லவேண்டிய மூவரில் ஒருவர் என்பதே அதிலுள்ள பதவிப்பெயர். பிற்காலத்தில் 'தேதூகெந்தாய்' என்று எழுதப்பட்ட சொல் அதில் 'தேதூகுந்தாய்' என்ற பழைய வடிவிலேயே நிற்கிறது.

பங்கீடு தாராளமானது என்று எண்ணிவிட வேண்டாம். கி.மு. 183இல் வட இத்தாலியின் மூத்தினா, பார்மா காலனிகளுக்குத் தலா 2,000 பேர் அனுப்பப்பட்டதாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார்; மூத்தினாவில் ஒருவருக்கு ஏறத்தாழ 3 ஏக்கரும் பார்மாவில் 5 ஏக்கரும் கிடைத்தன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அமைந்த பொனோனியாவின் (இன்றைய பொலோனியா) நிலம் போயி என்ற கால் (Gaul) இனத்தாரிடமிருந்து போரில் பறிக்கப்பட்டது என்பதையும், அவர்கள் அதற்குமுன் எத்ருஸ்கர் என்ற பழைய இத்தாலிய இனத்தாரை அங்கிருந்து விரட்டியவர்கள் என்பதையும் அவரே பதிவு செய்திருக்கிறார். செனட்டும் மக்கள் மன்றமும் கொடுத்த அனுமதி ரோமானியருக்குள் மட்டுமே செல்லும் அனுமதி. நிலத்தை இழந்தவர்களுக்கு அதில் குரல் இல்லை.

ஊரின் எல்லையை ஏர்தான் வரைந்தது. வெண்கலக் கொழு பொருத்திய ஏரில், வெளிப்பக்கம் காளையையும் உட்பக்கம் பசுவையும் நுகத்தில் பூட்டி, மண்கட்டிகள் உள்நோக்கி விழும்படி சுற்றி உழுதார்கள். வாயில் அமையவேண்டிய இடங்களில் மட்டும் ஏரைத் தூக்கிப் பிடித்துக் கடந்தார்கள். இதை வெறும் சடங்கு என்று ஒதுக்க முடியாது, ஏனெனில் அந்தச் சாலுக்குச் சட்ட மதிப்பு இருந்தது. ஸ்பெயினில் ஊர்சோ என்ற இடத்தில் வெண்கலத் தகடுகளில் கிடைத்த காலனிச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, ஏர் சுற்றிவந்த கோட்டுக்குள் பிணத்தைப் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்று விதிக்கிறது.