பழைய பித்தளை ஸ்டவ்: கேள்வி பதில்

தாத்தா வைத்திருந்த பிரைமஸ் மண்ணெண்ணெய் ஸ்டவ் கிடைத்தது சார். பம்ப் அடித்தால் காற்றே ஏறவில்லை. தூக்கிப் போட்டுவிடலாமா?

தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! பத்தில் ஒன்பது ஸ்டவ்களுக்கு இதுதான் நோய். பம்ப் கம்பியின் நுனியில் கிண்ணம் போலத் தோல் வாஷர் ஒன்று இருக்கும். காய்ந்தால் அதன் விளிம்பு உள்ளே சுருங்கி, குழாய்ச் சுவரைத் தொடாமல் விட்டுவிடும். கழற்றி எண்ணெயில் ஒரு இரவு ஊற வையுங்கள். காலையில் விளிம்பை விரலால் மெல்ல விரித்து, கிண்ணத்தின் வாய் டாங்க் பக்கம் பார்க்கும்படி, கம்பியைத் திருகிக்கொண்டே உள்ளே விடுங்கள். நேராகக் குத்தினால் விளிம்பு மடங்கிவிடும். தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மலையில் உறைந்துவிடும். பிறகும் காற்று நிற்காமல் கம்பி தானே மேலே எழும்பினால், குழாயின் அடியிலுள்ள சிறிய வால்வைப் பாருங்கள்.

ஸ்வேயா 123 பெட்ரோல் ஸ்டவ் வாங்கினேன். பம்பே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. 1955-இல் வந்த அந்த மாடலுக்கு பம்ப் கிடையாது. பர்னரின் சூட்டில் டாங்க் சூடாகி, பெட்ரோலே தனக்கு வேண்டிய அழுத்தத்தைத் தரும். அதனால்தான் முக்கால் டாங்குக்கு மேல் ஊற்றக்கூடாது. காற்று மறைப்பை நெருக்கமாக வைத்தால் டாங்க் அளவுக்கு மீறிச் சூடாகும். மூடியிலுள்ள பாதுகாப்பு வால்வு திறந்து தீயைப் பீய்ச்சும். மூடி யாரையும் பார்த்தபடி இருக்கக்கூடாது.

மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை. பிரைமஸில் பெட்ரோல் ஊற்றலாமா?

கூடாது. பிரைமஸ் நம்பர் 1 போன்றவற்றில் தீயை அடைக்கத் திருகு கிடையாது. காற்றுத் திருகைத் திறந்து அழுத்தத்தை இறக்கித்தான் அணைக்க வேண்டும். உள்ளே பெட்ரோல் இருந்தால், எரியும் பர்னருக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் ஆவியைப் பீய்ச்சுகிறீர்கள். மேலிருந்து வரும் சூட்டில் அழுத்தம் தானாகவும் ஏறும்.

பர்னரைச் சூடாக்க ஸ்பிரிட் எதற்கு? எங்கள் பாட்டி மண்ணெண்ணெயையே பர்னருக்கு அடியிலுள்ள கிண்ணத்தில் வழியவிட்டுப் பற்ற வைப்பார்.

பாட்டிக்கு ஸ்பிரிட் கிடைத்திருக்காது. மண்ணெண்ணெயிலும் பற்றும், ஆனால் கரி பர்னரில் அப்பிக்கொள்ளும், ஆவி பீறிட்டு வரும் சிறு துளையுள்ள நிப்பிள் அடைபடும். மெத்திலேட்டட் ஸ்பிரிட் சுத்தமாக எரியும்.

(அவரே) எத்தனையோ வருஷம் எரிந்ததே அண்ணே!

எரிந்தது. வாரத்துக்கொருமுறை நிப்பிள் அடைப்பை எடுக்க யார் பின் (மெல்லிய கம்பி) குத்தினார் என்று வீட்டில் கேளுங்கள். ஸ்டவ் ரிப்பேர்காரர் தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு வந்ததும் சும்மாவா?

(இன்னொருவர்) மணாலிக்கு மேலே ஒரு கிண்ணம் ஸ்பிரிட் ஊற்றியும் ஆள் உயரத்துக்கு மஞ்சள் தீ எழும்பியது. அப்போ பாட்டி வழிதானே மேல்?

இல்லை ஐயா. அது சூடு போதாததால் வந்தது. மண்ணெண்ணெய் ஆவியாகாமல் திரவமாகவே நிப்பிளில் பீறிட்டால் மஞ்சள் தீதான். உடனே காற்றுத் திருகைத் திறங்கள். தீ முழுக்க அணைந்து, கிண்ணம் ஆறிய பிறகு ஸ்பிரிட் ஊற்றிப் பற்ற வையுங்கள். குளிரில் இரண்டு முறை ஊற்றித்தான் ஆகவேண்டும். எரிகிற கிண்ணத்தில் மட்டும் பாட்டிலைச் சாய்க்காதீர்கள். 1893-இல் துருவப் பயணி நான்சென் ஆர்க்டிக்குக் கொண்டுபோனதும் இதே பிரைமஸ்தான். 1892-இல் லிண்ட்க்விஸ்ட் ஸ்டாக்ஹோமில் செய்யத் தொடங்கியதன் சிறப்பே புகையில்லாத நீலத் தீ. அதைப் புகைய வைத்து எரிப்பதற்கு விறகு போதுமே!

பாதி பெட்ரோல், பாதி மண்ணெண்ணெய் கலந்தால்?

மேலே சொல்லிவிட்டேன். கலந்தாலும் பெட்ரோல் பெட்ரோல்தான். கூடாது.

மழை பெய்தால் கூடாரத்துக்குள் வைத்துச் சமைக்கலாமா?

கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்கினால் எழுந்திருக்க மாட்டீர்கள்.

பெட்ரோமாக்ஸ் லைட்டுக்கு மேன்டில் எங்கே கிடைக்கும்?

விளக்கு என் துறையில்லை. பழைய விளக்கு ரிப்பேர் கடையில் கேளுங்கள்.

பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

வெளியே தேய்க்கலாம். உடனே கழுவித் துடையுங்கள். ஈயம் பற்றவைத்த இடத்தைச் சுரண்டாதீர்கள்.

பெட்ரோலைக் கொஞ்சமாக ஊற்றினால் பரவாயில்லையா?

மூன்றாவது முறை பதில் சொல்லப் போவதில்லை.

பின் உடைந்து நிப்பிளுக்குள் மாட்டிக்கொண்டது.

அழுத்தத்தை இறக்கி, ஆறவிட்டு, நிப்பிள் சாவியால் கழற்றுங்கள். அடிப்பக்கமாக உடைந்த பின் துண்டைச் சாமணத்தால் இழுங்கள். மேலிருந்து ஊசியால் குத்தித் தள்ளினால் துளை பெரிதாகிவிடும். ஒரு லிட்டர் பிரைமஸில் அது 0.32 மி.மீ. அதற்கு மேல் பெரிதானால் தீ மஞ்சளாகும், புது நிப்பிள்தான் வாங்க வேண்டும்.