நாக்கின் மீது பழி போடாதீர்கள்

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். வீட்டில் வெள்ளைச் சர்க்கரை வாங்குவதையே நிறுத்திவிட்டேன். டீக்கு நாட்டுச் சர்க்கரைதான். காலையில் கேழ்வரகுக் கஞ்சி, இரவில் சோற்றுக்குப் பதில் நான்கு சப்பாத்தி. இவ்வளவு செய்தும் இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 9 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கவில்லை. சென்ற மாதம் அவருடைய சட்டைப் பையில் மைசூர்பாகு சுற்றிய காகிதம் இருந்தது. கல்யாண வீட்டுக்குப் போனால் பாயசத்தை விடுவதே இல்லை. நாக்கைக் கட்டத் தெரியாத இந்த மனிதரை எப்படித் திருத்துவது?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் கடிதத்தில் அவர் மீதுள்ள அக்கறையும் பல ஆண்டு அலுப்பும் சேர்ந்தே தெரிகின்றன. இருந்தாலும் நேராகவே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் குற்றவாளியைத் தவறான இடத்தில் தேடுகிறீர்கள். சட்டைப் பையில் கிடைத்த காகிதத்தைவிட, பரிகாரமாக நீங்கள் வரிசைப்படுத்தியிருக்கும் கஞ்சி, சப்பாத்தி, நாட்டுச் சர்க்கரை ஆகிய மூன்றும்தான் அந்த 9 என்ற எண்ணைப் பற்றி அதிகம் சொல்கின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது கிராம் எடையுள்ள ஒரு துண்டு மைசூர்பாகில் சர்க்கரையும் மாவும் சேர்ந்து ஏறத்தாழ 20 கிராம் இருக்கும், நெய் தனி. முப்பது கிராம் மாவில் இட்ட ஒரு சப்பாத்தியிலும் மாவுச்சத்து ஏறத்தாழ அதே 20 கிராம்தான். நான்கு சப்பாத்தி என்றால் 80 கிராம் ஆகிறது. இது இரண்டு கோப்பைச் சோற்றுக்குக் கிட்டத்தட்டச் சமம். கோதுமையில் நார்ச்சத்து கூடுதலாக இருப்பதால் இரத்தச் சர்க்கரை சற்று மெதுவாக ஏறும் என்பது உண்மைதான்; ஆனால் அளவைக் குறைக்காமல் தானியத்தை மட்டும் மாற்றினால் அந்த நன்மை பெரும்பாலும் கரைந்துபோகும். கேழ்வரகு நல்ல தானியம் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அதை நைசாக அரைத்து, நீர்க்கக் காய்ச்சி, இரண்டு நிமிடத்தில் குடித்துவிடும்போது, மென்று தின்னும் அடையைவிட வெகு வேகமாக அது இரத்தத்தில் கலந்துவிடுகிறது. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி ஆகியவற்றின் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். அவற்றில் ஒட்டியிருக்கும் சிறிதளவு தாது உப்புகள் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதில்லை. நாளைக்கு மூன்று டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி என்றால், 25 முதல் 30 கிராம் வரை சர்க்கரை உங்கள் கையாலேயே, மருந்து என்ற நம்பிக்கையோடு, தினமும் அவர் உடலுக்குள் போகிறது. கல்யாண வீட்டுப் பாயசம் மாதத்துக்கு இரண்டு முறை வந்தால் அதிகம்.

இதில் உங்களை நொந்துகொள்ள ஒன்றுமில்லை; தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகள் இதைத்தான் செய்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னையிலுள்ள சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியானபோது, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் இருப்பதும், தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 விழுக்காட்டினர் இதனுடன் வாழ்வதும் தெரியவந்தன. அதே ஆய்வின் உணவு பற்றிய பகுதி 2025-இல் வெளிவந்தது. இந்தியர்களுக்குக் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்பது அதில் ஒரு செய்தி. தீட்டிய அரிசிக்குப் பதிலாக முழுக் கோதுமை அல்லது சிறுதானிய மாவை வைத்துக்கொண்டு, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் விட்டால், நோய்க்கான வாய்ப்பு குறைவதாகத் தெரியவில்லை என்பது இன்னொரு செய்தி. உங்கள் வீட்டில் நடந்திருப்பதும் இதுவே. தானியத்தின் பெயர் மாறியிருக்கிறது. தட்டில் அது பிடித்திருக்கும் இடம் மாறவில்லை.

ஆகவே தட்டிலிருந்து தொடங்குங்கள். பாதித் தட்டு காய்கறி அல்லது கீரை, கால் தட்டு பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ, மீதிக் கால் தட்டுதான் சோறு அல்லது சப்பாத்தி. நம் வீடுகளில் பொரியல் என்பது இலையின் ஓரத்தில் வைக்கும் இரண்டு கரண்டி. அதை ஒரு பெரிய கிண்ணமாக்குவதுதான் இதில் கடினமான வேலை, அதற்குத்தான் சமையலறையில் கூடுதல் நேரமும் ஆகும். விலை உயர்ந்த எதையும் வாங்க வேண்டியதில்லை. வாழைத்தண்டு, அவரை, கொத்தவரை, புடலை, முருங்கைக் கீரை போதும். ரேஷன் கடையில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பு இருக்கிறது. அவருடைய சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் மட்டும் பருப்பு, முட்டை ஆகியவற்றின் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். முதலில் காயையும் பருப்பையும் உண்டு, சோற்றைக் கடைசியில் உண்டால், அதே உணவுக்கும் சர்க்கரை குறைவாகவே ஏறுகிறது. சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்துவிட்டு வந்தால் இன்னும் குறையும். சோற்றை முழுவதுமாகத் தடை செய்ய வேண்டாம். ஐம்பது ஆண்டுகள் மதியம் சோறு உண்ட மனிதருக்கு அதை அடியோடு நிறுத்தினால், அந்த ஏக்கம் வேறு எங்காவது போய்த் தன்னைத் தீர்த்துக்கொள்ளும்.

இனி அந்தக் காகிதத்துக்கு வருகிறேன். ஐம்பத்து நான்கு வயதுக்காரர் ஒருவர் ஒரு துண்டு இனிப்பைத் தன் வீட்டாருக்குத் தெரியாமல் தெருவில் நின்று தின்றுவிட்டுக் காகிதத்தை மறைக்கிறார் என்றால், வீட்டில் அதைப் பற்றிப் பேச முடியாத நிலை இருக்கிறது என்று பொருள். ஒளித்துத் தின்பதில் உள்ள கேடு அந்த இனிப்போடு முடிவதில்லை. அது பெரும்பாலும் மாலையில், வெறும் வயிற்றில், அவசர அவசரமாக நடக்கிறது. மருத்துவரிடமும் அதைச் சொல்ல முடிவதில்லை. சொல்லாததால் மருத்துவர் காரணம் தெரியாமலேயே மாத்திரையைக் கூட்டுகிறார். சில வீடுகளில் குளுக்கோமீட்டரில் வந்த எண்ணையும் மாற்றிச் சொல்லும் அளவுக்கு இந்த அச்சம் வளர்ந்துவிடுகிறது. அவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். எப்போதாவது இனிப்பு உண்ணலாம், ஆனால் வீட்டிலேயே, மதிய உணவுக்குப் பிறகு, சிறு துண்டாக, அன்று சோற்றில் அதற்கு ஈடாகக் குறைத்துக்கொண்டு என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து அவரே சர்க்கரையைப் பார்க்கட்டும். தன் விரலிலிருந்து வந்த எண் ஒருவருக்குக் கற்பிப்பதை, மனைவியின் கண்டிப்பால் கற்பிக்க முடியாது. ‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதிய இனிப்புகளைத் தீர்வாக வாங்கி வைக்காதீர்கள். அவற்றிலும் மைதாவும் கோவாவும் நெய்யும் அப்படியே இருக்கின்றன, அந்தப் பெயரை நம்பி ஒன்றுக்கு மூன்றாக உண்பவர்களே அதிகம்.

மாலையில் டீக்கடையில் நிற்கும் பழக்கம் அவருக்கு இருந்தால், அதுவும் ஏறத்தாழ இதே போன்றதுதான். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவருக்கு இரவு ஒன்பதரைக்குத்தான் அடுத்த உணவு என்றால், மாலை ஐந்து மணிக்குச் சுடச்சுடப் போடும் பஜ்ஜியின் முன் அவர் தோற்பது பசியினால். பையில் ஒரு பிடி வேர்க்கடலையோ கொஞ்சம் சுண்டலோ கொடுத்தனுப்புங்கள், இரவு உணவை எட்டு மணிக்குக் கொண்டுவாருங்கள். சர்க்கரை இல்லாத டீக்கு நாக்கு பழகச் சில வாரங்கள் ஆகும். கரண்டியைப் படிப்படியாகக் குறைத்தால் எளிதாகப் பழகும்.

கல்யாண வீட்டைப் பற்றி உங்களிடம் மட்டும் பேசிப் பயனில்லை. இதைப் படிக்கும் எல்லோரிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது. இலை போட்டவுடன் முதலில் விழுவது இனிப்பு. வேண்டாம் என்று கையை மறைத்தால், “ஒரு துண்டில் என்ன ஆகிவிடும், வீட்டுக்குப் போய் ஒரு மாத்திரை சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்” என்கிறார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள், ஆனால் இது மிகவும் ஆபத்தான அறிவுரை. மறுப்பவரை நான்கு பேர் முன்னிலையில் அவருடைய நோயைச் சொல்லி விளக்க வைப்பதும் இதே உபசாரம்தான். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், காரணம் கேட்காமல் அடுத்த இலைக்கு நகர்வதே உண்மையான மரியாதை. கோயில் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு விரல் நுனி அளவு உண்டால் எந்தத் தெய்வமும் கோபித்துக்கொள்ளாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கணவரின் சர்க்கரையைப் பற்றி மனைவியர் எழுதும் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. மனைவியின் சர்க்கரையைப் பற்றிக் கணவர் எழுதிய கடிதம் வருவது மிக அரிது. நோயுள்ள பெண்கள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, நேரம் கடந்து, காய் தீர்ந்துபோன பிறகு, மிஞ்சிய சோற்றை வீணாக்கக் கூடாதென்று உண்கிறார்கள். அவர்களுக்கென்று தனியாக ஒரு பொரியல் செய்ய அந்த வீட்டில் யாருக்கும் தோன்றுவதில்லை. நீங்கள் உங்கள் சர்க்கரையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

முகூர்த்தம் முடியட்டும் என்று சாப்பிடாமல் காத்திருப்பதாலும் விரதத்தாலும் வரும் ஆபத்து வேறு வகையானது: சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துவிடுவது. அதைப் பலரும் அறியாமல் இருக்கிறார்கள். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் உண்பவருக்கு இது அரிது. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர் உணவைத் தள்ளிப்போட்டால், குளுக்கோமீட்டரில் காட்டும் இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விடக்கூடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, காரணமில்லாத எரிச்சல், பேச்சில் தடுமாற்றம் ஆகியவை இதன் அடையாளங்கள். அப்போது மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடித்து, பிறகு உணவு உண்ண வேண்டும். அந்த நேரத்தில் லட்டும் மைசூர்பாகும் உதவாது, நெய் கலந்திருப்பதால் அவை மெதுவாகவே இரத்தத்தில் சேரும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊட்டாமல் 108-ஐ அழைக்க வேண்டும். ஆகவே வீட்டிலிருந்து நீங்கள் அகற்றிய வெள்ளைச் சர்க்கரை, சிறு பொட்டலமாக அவருடைய பையில் இருக்கட்டும்.

இவையெல்லாம் செய்தாலும் உணவு ஒன்றினாலேயே 9-லிருந்து 7-ஐ எட்டிவிடலாம் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆண்டுகள் செல்லச் செல்லக் கணையத்தின் இன்சுலின் சுரப்பு குறைந்துகொண்டே போவது இந்நோயின் இயல்பு. ஒன்பதாம் ஆண்டில் மருந்தை மாற்ற வேண்டி வருவதற்கும் இன்சுலின் தொடங்க வேண்டி வருவதற்கும் யாருடைய ஒழுக்கக் குறைவும் காரணமல்ல. ஒரு வாரத்துக்கு வெறும் வயிற்று அளவையும் உணவுக்கு இரண்டு மணி நேரம் பிந்திய அளவையும், உண்டது என்ன என்பதோடு சேர்த்து அவர் கையாலேயே எழுதச் சொல்லி, அந்தத் தாளோடு இருவரும் மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருந்து வாங்குபவராக இருந்தாலும் இதைத் தயங்காமல் காட்டலாம். கண்ணின் விழித்திரை, சிறுநீரில் புரதம், பாதத்தின் உணர்ச்சி ஆகிய மூன்று சோதனைகளையும் ஆண்டுக்கு ஒரு முறை செய்ய வேண்டும். ஒன்பது ஆண்டுகளில் அவை நடந்திருக்கின்றனவா என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. நடக்காதிருந்தால், அன்றைக்கே அந்த மூன்றுக்கும் எழுதித் தரும்படி மருத்துவரைக் கேளுங்கள்.