ஒருவர் பேசுவதைப் பொறுமையாகக் கேட்கும் பழக்கத்தை எப்படி வளர்த்துக்கொள்வது?

"நான் யார் பேசுவதையும் முழுசாகக் கேட்பதில்லை என்று வீட்டிலும் ஆபீசிலும் சொல்கிறார்கள், இதற்கு ஏதாவது பயிற்சி வகுப்பு உண்டா" என்று கேட்டிருக்கிறீர்கள். வகுப்பெல்லாம் வேண்டாம், நாலு பேர் வந்து கேள்வி கேட்கிற ஒரு மேசைக்குப் பின்னால் கொஞ்ச காலம் உட்கார்ந்தால் போதும் என்பேன்.

நான் கடலூர் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் மூன்றாம் நிலை நூலகர். கதவைத் திறப்பது, புத்தகம் கொடுத்து வாங்குவது, பதிவேடு எழுதுவது, சண்டை விலக்குவது எல்லாம் நான்தான். நூலகத்தில் என்ன சண்டை என்று நினைக்காதீர்கள், காலையில் தினத்தந்தி ஒன்றுதான் வருகிறது, அதற்குக் காத்திருப்பவர்கள் ஏழெட்டுப் பேர்.

வருகிறவர் முதலில் கேட்பது பெரும்பாலும் பாதிக் கேள்விதான். மனதில் இருப்பதை, நூலகத்தில் கிடைக்கும் என்று அவர் நினைக்கிற ஒன்றாக மாற்றி, தெரியாத ஆளிடம் சொல்லலாம் என்கிற அளவுக்குச் சுருக்கிக் கேட்பார். நூலக அறிவியல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ராபர்ட் டெய்லர் என்ற அமெரிக்கர் 1968இல் எழுதிய கட்டுரையில் இதை நான்கு படிகளாகவே பிரித்துக் காட்டியிருக்கிறார், சொல்லத் தெரியாமல் உள்ளே கிடக்கிற தேவையில் தொடங்கி, மேசைக்கு வந்து சேரும்போது சுருங்கிப்போன கேள்வி வரைக்கும்.

முதுநகர்க்காரர் ஒருவர் வந்தார், ஐம்பது வயதிருக்கும். "சட்டப் புத்தகம் எதனா இருக்குதாங்க?" என்றார். அலமாரியைக் காட்டி அனுப்பியிருக்கலாம், கேட்டதற்கு அது பதில்தான். "எதுக்கு" என்று மொட்டையாகக் கேட்டால் போலீஸ் விசாரிப்பது மாதிரி இருக்கும், அதனால் "என்ன விஷயமா பாக்கணும்னு சொன்னீங்கன்னா எடுத்துத் தர சுலபமா இருக்கும்ணே" என்றேன். "சும்மா, சொத்து விஷயம்" என்றார். நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை, திரும்பி வந்திருந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் நின்றவர் மஞ்சப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மேசையில் வைத்தார், உள்ளே அவருடைய அப்பாவின் இறப்புச் சான்றிதழ், மடிப்பெல்லாம் கிழிகிற நிலையில். வாரிசுச் சான்றுக்கு எழுதிப்போட வேண்டுமாம்.

இ-சேவை மையத்தில் விண்ணப்பம், அப்புறம் வட்டாட்சியர் கொடுப்பார் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன், ஏனென்றால் அவர் கவரின் மேலிருந்து இன்னும் கையை எடுக்கவில்லை. "தங்கச்சி பேரைச் சேக்க வேணாம்னு தம்பிங்க சொல்றானுங்க. எனக்கு மனசு கேக்கல. நான் சொன்னா எவன் கேக்கறான், புத்தகத்துல போட்டிருந்தா காட்டலாம்" என்றார். ஆக, அவர் கேட்டது சட்டப் புத்தகமேதான், ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது அதில் ஒரே ஒரு பக்கம். 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனைப் போலவே மகளும் முதல் வகுப்பு வாரிசு, கல்யாணமாகிப் போய்விட்டாலும் அது மாறாது. தமிழில் இருந்த புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தில் ஒரு சீட்டை வைத்துக் கொடுத்தேன்.

இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் நேரம் போகாதா என்பீர்கள். "வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து" என்பது எங்கள் துறையின் ஐந்து விதிகளில் நான்காவது, 1931இல் எழுதி வைத்துவிட்டுப் போனவர் எஸ்.ஆர்.ரங்கநாதன், நமக்குப் பக்கத்தில் சீர்காழியில் பிறந்தவர். அந்த மனிதரை அலமாரிக்கு அனுப்பியிருந்தால் சாயங்காலம் வரை புரட்டிவிட்டு வெறுங்கையோடு போயிருப்பார்.

கண்ணைப் பார்த்துக் கேளுங்கள், தலையை ஆட்டுங்கள் என்று வீடியோவில் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. நம் ஊரில் வீட்டு விஷயத்தை வெளியே சொல்வதே கூச்சம், இதில் எதிரில் ஒரு ஆள் உற்றுப் பார்த்தால் வருகிற பேச்சும் நின்றுவிடும். கை ஏதாவது சில்லறை வேலை செய்துகொண்டிருக்கட்டும், காது மட்டும் அவரிடம் இருந்தால் போதும். ஆனால் அந்த வேலை போன் பார்ப்பதாக மட்டும் இருக்கக்கூடாது.

சிலர் புகாராகத்தான் சொல்வார்கள். தினமும் பேப்பர் படிக்க வரும் பெரியவர் ஒருவர் "டியூப் லைட்டு மங்கலா இருக்குதும்மா, மாத்தச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். லைட் புதுசு. இதைச் சொல்லி அவரோடு வாதம் செய்து ஜெயித்து என்ன ஆகப்போகிறது? ஜன்னலோரப் பெஞ்சை அவருக்குக் காட்டினேன். அங்கேயும் பேப்பரைத் தூக்கித் தூக்கிப் பிடித்தவர், ஒருநாள் அவராகவே கண்ணைப் பற்றிப் பேச்சை எடுத்தார். அப்போதுதான், பாண்டி பஸ்ஸில் ஏறினால் வழியிலேயே தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறதே ஐயா என்றேன்.

குரூப் ஃபோர் படிக்க வரும் பிள்ளைகளிடம் நேர்மாறு. இருநூறு கேள்வி, முந்நூறு மார்க், மூன்று மணி நேரம் என்று அவர்களே நாள் முழுக்க அதில்தான் இருக்கிறார்கள். ரிசல்ட் வந்த வாரம் நான் எதுவும் கேட்கமாட்டேன். பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறவர்கள் வரைக்கும் கேட்டு முடித்திருப்பார்கள். வந்தால் வழக்கமான நாற்காலி இருக்கும், அவ்வளவுதான். சொல்ல வேண்டும் என்று தோன்றுகிற பிள்ளை, புத்தகம் திருப்பித் தருகிற சாக்கில் கொஞ்சம் கூடுதலாக நிற்கும், அது நமக்குத் தெரிந்துவிடும்.

எல்லோரையும் எல்லா நேரமும் கேட்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். பேச ஆரம்பித்தால் நிறுத்தாதவர்கள் இருக்கிறார்கள், பின்னால் ஆள் நிற்கும், மதியம் பூட்ட வேண்டியிருக்கும். அப்போது கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மனசு வேறெங்கோ இருப்பதைவிட, "இப்ப பூட்டணும்ங்க, சாயங்காலம் நாலு மணிக்குத் திறப்பேன், மிச்சத்தை அப்ப சொல்லுங்க" என்று நேராகச் சொல்லிவிடுவேன். நேரத்தைக் குறிப்பிட்டுச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பாதிப் பேர் நாலு மணிக்குச் சரியாக வந்துவிடுவார்கள்.