பூ பூக்க எந்த உரம் வாங்கலாம்?

கேள்வி: தொட்டிகளில் ரோஜா வளர்க்கிறேன். இலை செழிப்பாக இருக்கிறது, மொட்டுதான் வைக்க மாட்டேன் என்கிறது. வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர், முட்டை ஓடு, காபிச் சக்கை எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. ‘கொத்துக் கொத்தாகப் பூக்கும்’ என்று விற்கும் திரவ உரத்தை வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். இலை கரும்பச்சையாகச் செழித்து நிற்கிற செடிக்கு உரக் குறை இருக்க வாய்ப்பு குறைவு. தழைச்சத்து (நைட்ரஜன்) கூடியிருக்கலாம், இல்லையென்றால் வெயில் போதவில்லை. ரோஜாவுக்குத் தினமும் 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். முதலில் தொட்டியை இடம் மாற்றுங்கள். வாடிய பூக்களையும் அப்படியே விடக் கூடாது. பூவிலிருந்து கீழே வந்தால் ஐந்து சிற்றிலை கொண்ட இலை ஒன்று வரும். அதற்குச் சற்று மேலே, வெளிப்பக்கம் பார்த்த கணுவாகப் பார்த்து வெட்டுங்கள். அந்தக் கணுவில் வரும் புதுத் தளிரில்தான் அடுத்த மொட்டு.

சமையலறைக் கழிவுகள் நல்லவைதான், ஆனால் மக்கிய பிறகுதான் அவை உரம். வாழைத் தோல் தண்ணீரில் கொஞ்சம் சாம்பல்சத்து (பொட்டாசியம்) இறங்கும். தழைச்சத்து அநேகமாக இருக்காது. முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். நொறுக்கிப் போட்டால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும், மாவாக அரைத்தால்தான் மெல்லக் கரையும். காபிச் சக்கையைத் தடிமனாகப் பரப்பினால் இறுகி ஏடு கட்டி, தண்ணீர் இறங்க விடாது. மூன்றையும் காய்ந்த சருகோடு மக்க வைத்து, கருப்பாக உதிர்ந்து மண்வாசனை வந்ததும் தொட்டி மேல்மண்ணில் ஒரு கைப்பிடி கலந்துவிடுங்கள்.

அப்புறமும் கடை உரம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், புட்டியில் உள்ள படத்தை விட்டுவிட்டு, அதில் அச்சிட்டிருக்கும் மூன்று எண்களைப் பாருங்கள். முதல் எண் தழைச்சத்து, இரண்டாவது மணிச்சத்து (பாஸ்பரஸ்), மூன்றாவது சாம்பல்சத்து. மூன்றும் சதவீதக் கணக்கு. பூ உரம் என்று விற்பவற்றில் 10-52-10 போல நடு எண் மிக உயர்ந்தவை உண்டு. மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே போதுமான அளவு இருந்தால் மேலும் கொட்டுவதால் பூ அதிகமாகாது. இரும்புச்சத்தைச் செடி எடுக்க முடியாமல் போய், இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நின்று மஞ்சளாகும். மூன்று எண்களும் ஓரளவு சமமாக இருப்பதை வாங்கி, சொன்ன அளவில் பாதியே போடுங்கள். எண்ணே அச்சிடாத புட்டிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: எப்சம் உப்பு போட்டால் எல்லாச் செடியும் பூக்குமாமே?

பதில்: அது மெக்னீசியம் சல்பேட். தழை, மணி, சாம்பல் மூன்றில் எதுவும் அதில் கிடையாது. முதிர்ந்த இலைகளில் நரம்புகளுக்கு இடையே மஞ்சள் பரவி, மெக்னீசியம் குறைவு என்று மண் பரிசோதனையும் சொன்னால் போடுங்கள். தக்காளித் தொட்டியில் சும்மா போடவே வேண்டாம்: மெக்னீசியம் மிகுந்தால் கால்சியம் ஏறுவது குறைந்து, காயின் அடிப்பக்கம் கருத்து அழுகும்.